துறைமுகத்துச் சுவரில் உன் வீட்டுப் பெயர்

மகனே,

நீ பார்த்தது முடிவை மட்டும். அதுவும் கப்பல் தளத்தில் நின்று, வேலைக்கு நடுவில், தூரக்கண்ணாடியால். ஒரு சுவர். செம்மஞ்சளில் மூன்று எழுத்து. அதற்குக் கீழே நாங்கள் மூன்று பேர், நீ சொன்னபடி, தீக்குச்சி அளவில். இப்போது நடுக்கடலில் இருந்துகொண்டு கேட்கிறாய், உந்தச் சுவரை எப்படிக் கீறினனீங்கள் என்று. போனில் சொல்ல எனக்கு வராது. போனில் நான் எல்லாவற்றையும் சுருக்கிவிடுவேன். அல்லது அப்பா இடையில் பறித்துவிடுவார். ஆகவே எழுதுகிறேன், தொடக்கத்திலிருந்து. தை மாதம் உனக்குக் கலியாணம். அதற்கு முன்னால் ஒரு தாய் மகனுக்குச் சொல்ல வேண்டியவை என்று சில இருக்குமாம். அவையும் இதற்குள் எங்காவது வந்துவிடும். வராவிட்டாலும் குறையில்லை.

உன் கோதுமைக் கப்பல் எங்கள் துறைமுகத்துக்கே வருகிறது என்று நீ சொன்ன நேரம் நான் குசினியில் நின்றேன். அடுப்பில் என்ன கிடந்தது என்று இப்போது ஞாபகமில்லை. கருகியது மட்டும் ஞாபகம். ஒரு வருடத்துக்கு மேலாக உன்னை நேரில் காணவில்லை. பிறகு மெதுவாகச் சொன்னாய், கரை இறங்க விடமாட்டார்கள் என்று. எத்தனையோ நாட்டுத் துறைமுகங்களில் இறங்கித் தேநீர் குடித்தவன், சொந்த ஊரில் இறங்க ஏலாது. சில நாள் உட்துறைமுகத்தில் நங்கூரம் போட்டுக் கிடக்கும், பிறகு மாவு ஆலையின் இறங்குதுறைக்குப் போகும், பிறகு தென்னமெரிக்கா. அதே போன் கோலில் இரண்டாவது விடயத்தையும் சொன்னாய். அதை நீ பலமுறை சொல்லிப் பார்த்து வைத்திருந்தது எனக்குத் தெரிந்தது.

"கப்பல் வெளிக்கிடுறதுக்கிடையிலை நிரோஜாவின்ர விசயத்துக்கு ஒரு பதில் சொல்லுங்கோ அம்மா. ஓமெண்டாலும் சரி, இல்லையெண்டாலும் சரி. யோசிக்கிறன் எண்டு மட்டும் சொல்லாதேங்கோ."

நான் யோசித்துக்கொண்டுதான் இருந்தேன். மாதக்கணக்காக. உன் அப்பா முதல் நாளே ஓம் சொல்லிவிட்டார், ஆனால் அவருடைய ஓமை நீ கணக்கில் எடுக்கவில்லை. அவர் எல்லாவற்றுக்கும் ஓம் சொல்கிறவர். என்னிடம் என்ன தடை இருந்தது என்று கேட்டால் சொல்லக்கூடிய காரணம் ஒன்றுமில்லை. அவள் உன்னைவிட இரண்டு வயது மூப்பு. அது ஒரு காரணமா என்று என் வகுப்பில் ஒரு பிள்ளை கேட்டிருந்தால் இல்லை என்று நீளமாக விளக்கியிருப்பேன். லிங்கநகரிலிருந்து எங்கள் வீட்டுக்கு அவள் முதல்முறை வந்தபோது என்னைப் பார்க்காமல் முன்மதிலைப் பார்த்தாள். நல்ல சுவர் அன்ரி என்றாள். நான் தட்டில் தேநீரோடு நின்றேன். பாடசாலையில் சித்திரம் படிப்பிக்கிறவள், விடுமுறையில் காற்சட்டை போட்டுக்கொண்டு கடைச் சுவர்களில் ஏறி நின்று நிறம் விசிறுகிறவள். எனக்கு அதில் எதிர்ப்பு இல்லை. எதிர்ப்பு இல்லை என்பதை நானே எனக்கு அடிக்கடி சொல்லிக்கொண்டேன். அதுதான் பிழை. எதிர்ப்பு இல்லாதவர்கள் அதை அவ்வளவு தரம் சொல்வதில்லை. உண்மையான கேள்வி வேறு. கேட்க வெட்கமான கேள்வி. இந்தப் பெண்ணுக்கு என் மகனைத் தெரியுமா? எனக்குத் தெரிந்த அளவுக்கு?

இதே கேள்வியை என் அம்மா என்னையும் வைத்துக் கேட்டிருக்கிறார். உனக்குப் பாதிதான் தெரியும் அந்தக் கதை. நான் மூதூரில் புவியியல் படிப்பிக்கப் போன புதிதில் தினமும் கடலைக் கடந்து லோஞ்சில் போய்வந்தேன். அதை ஓட்டியவர் உன் அப்பா. பட்டதாரிப் பெண், லோஞ்ச் ஓட்டுகிற மாப்பிள்ளை. என் அம்மா ஒரு வருடம் யோசித்தார். கடைசியில் ஒருநாள் சொல்லாமல் கொள்ளாமல் வந்து லோஞ்சில் ஏறிவிட்டார், ஆளைப் பார்க்க. அன்றைக்குக் கடல் கொந்தளிப்பு. பாதி வழியில் சத்தி எடுத்தார், அப்பாவின் காலிலேயே. அப்பா ஒரு கையால் சுக்கானைப் பிடித்தபடி மற்றக் கையால் வாளியை நீட்டினார், மூதூர் வரைக்கும் நீட்டியபடியே வந்தார். இறங்குதுறையில் கால் வைத்ததும் அம்மா சரி என்றார். ஏன் என்று கேட்டேன். வாளியை ஒருக்காலும் இறக்கி வைக்கேல்லையே, அவ்வளவும் காணும் என்றார். நான் அன்றைக்கு இது என்ன நியாயம் என்று சிரித்தேன். இப்போது எனக்கும் அப்படி ஒரு வாளி தேவைப்பட்டது.

கப்பல் வருகிற செய்தி அவளுக்கும் தெரிந்திருந்தது. எனக்கு முன்னரே தெரிந்திருந்தது. அதை நான் கவனித்தேன், அவள் கவனிக்கவில்லை. கோல் எடுத்தாள். கரையில் போய் நிற்கலாம், அவர் பார்ப்பார்தான், ஆனால் எங்கே பார்ப்பது என்று கேட்டாள். அது எனக்குத் தோன்றியிருக்கவில்லை. இந்தக் கரை நீளமானது. மரம், தகரம், படகு, வலை, ஆட்கள். அந்தப் பக்கம் நின்று பார்க்கிறவனுக்கு ஒரு பச்சைக் கோடு. அந்தக் கோட்டில் ஒரு தாயை எப்படித் தேடுவது. "ஒரு பெரிய அடையாளம் வேணும் அன்ரி. கப்பலிலை நிண்டு வாசிக்கக்கூடினதா." என்றாள். பிறகு அந்த மூடிக் கிடக்கும் ஐஸ் பெக்டரியின் பின்சுவரைச் சொன்னாள். தண்ணீரைப் பார்த்தபடி நிற்கிற சுவர். நீ சின்னவனாக இருந்தபோது அதன் அடியில் உள்ள கற்கட்டில்தான் தூண்டில் போடுவாய். அவள் அதையும் அறிந்திருந்தாள்.

பெக்டரி முதலாளி கிண்ணியா ஹாஜியார். அவருடைய மகள் என்னிடம் படித்தவள், ஆகவே கேட்க நான் போனேன். அவர் நீண்ட நேரம் தாடியைத் தடவினார். "அரசியல் மட்டும் வாணாம் டீச்சர். ஆள்ட மூஞ்சியும் வாணாம். மத்தபடி என்னத்தையும் கீறிக்குங்க," என்றார். மகன்ர பேர்தான் என்றேன். பேர் என்றால் பரவாயில்லை, பேர் ஆரையும் கடிக்காது என்றார். என்ன பேர் என்று அவர் கேட்கவில்லை. அதைத் தீர்மானித்திருக்கவும் இல்லை. நிரோஜாதான் பிறகு விளக்கினாள். இந்தக் கலையில், அவர்கள் 'பீஸ்' என்று சொல்வார்களாம், ஒரு பெயரைத்தான் பெரிதாக எழுதுவது. படம் இல்லை. வாசகம் இல்லை. பெயர். எழுத்துக்களை வீங்க வைத்து, வளைத்து, ஒன்றின் மேல் ஒன்று சாய்த்து, நிழல் கொடுத்து. உலகம் முழுக்கப் பிள்ளைகள் தங்கள் சொந்தப் பெயரைச் சுவர்களில் இப்படி எழுதிவிட்டு ஓடுகிறார்கள். நாங்கள் மகனுடைய பெயரை எழுதிவிட்டு நிற்கப் போகிறோம். உன் பதிவுப் பெயர் நீளம், கூடாது என்றாள். "வீட்டிலை என்னண்டு கூப்பிடுவீங்கள்?" நான் தயங்கினேன். அப்பா தயங்கவில்லை. "சூட்டி," என்றார். பக்கத்து வீட்டுச் சிங்களக் குடும்பம் நீ பிறந்த கிழமையில் வைத்த பெயர். சின்னது என்று அர்த்தம். ஆறடி வளர்ந்தும் போகவில்லை. நிரோஜா தலையைக் குனிந்து சிரித்தாள். நீ அவளுக்கு அதைச் சொல்லியிருக்கவில்லை. அவளுக்குத் தெரியாத ஒன்று எனக்குத் தெரிந்திருந்ததில், உண்மையைச் சொல்கிறேன், எனக்கு நல்ல சந்தோசம்.

முதலில் கழுவுதல். இதை நீ எதிர்பார்க்கமாட்டாய். கீறுவது என்றால் கீறத் தொடங்குவது என்று நினைப்பாய். அந்தச் சுவரில் உப்புப் பூத்திருந்தது. கம்பித் தூரிகையால் சுரண்டினால் மாவு மாதிரிக் கொட்டும். உப்பின் மேல் நிறம் நிற்காது, ஒரு மாதத்தில் தோலாக உரிந்துவிடும் என்று அவள் சொன்னாள். சுரண்டி, நல்ல தண்ணீர் அள்ளி ஊற்றி, காயவிட்டு, மறுபடி சுரண்டி. முழு நாள் அதற்கே போனது. நான் நடுவில் வீட்டிலிருந்து வரைபுத்தாள் கொண்டுபோய்க் காட்டினேன். கப்பலுக்கும் சுவருக்கும் உள்ள தூரம், எழுத்தின் உயரம், எல்லாம் அளவுத்திட்டத்தோடு. முப்பது வருடம் தேசப்படம் கீறப் படிப்பித்தவள் அல்லவா. அவள் கவனமாகப் பார்த்தாள், நல்லா இருக்கு அன்ரி என்றாள், மடித்தாள், வெயிலுக்கு அதால் விசிறிக்கொண்டாள். பிறகு உருளையால் வெள்ளை அடித்தோம். வெள்ளைச் சுவர் காய்ந்து நின்றபோது அதைப் பார்க்க எனக்குப் பயமாக இருந்தது. வெறுமையான எதுவும் இப்போதெல்லாம் பயம்தான்.

அடுத்தது விநோதம். எங்கள் எல்லோரிடமும் ஆளுக்கொரு நிற வெண்கட்டியைத் தந்து, சுவர் முழுக்க வாய்க்கு வந்ததை எழுதச் சொன்னாள். என்னவும். குறுக்கும் நெடுக்கும். பிறகு அந்தக் கிறுக்கலைப் போனில் படம் பிடித்து, அதன் மேல் தன் வரைபை ஏற்றிக்கொள்வாளாம். எந்தக் கிறுக்கலின் பக்கத்தில் எந்த வளைவு வருகிறது என்று பார்த்துப் பார்த்துப் பெரிய சுவரில் பிசகாமல் கீறலாம். அளவுகோல் தேவையில்லை. அப்பா மூதூர் லோஞ்ச் நேரங்களை எழுதினார், காலை முதல் மாலை வரை, இப்போது ஓடாத லோஞ்சின் நேரங்கள். நான் தென்னமெரிக்க நாடுகளின் தலைநகரங்களை எழுதினேன். உன் கப்பல் போகிற பக்கம். அவள் மீன்களும் சுழிகளும் கிறுக்கினாள். வேடிக்கை பார்க்க வந்த ஹாஜியாரும் ஒரு கட்டி வாங்கி, ஐஸ் பாளத்தின் பழைய விலையை எழுதிவிட்டுப் போனார். அந்தக் கிறுக்கல்களின் மேல்தான் உன் பெயர் நிற்கிறது. யாருக்கும் தெரியாது. எந்தப் பெயரும் அப்படித்தான் நிற்கிறது என்று எழுத வந்தது, அழித்துவிட்டேன். வயது போகப்போக எனக்கு எதைப் பார்த்தாலும் ஒரு தத்துவம் வருகிறது. உனக்கும் வரும். வந்தால் அடக்கிக்கொள், முக்கியமாகச் சாப்பாட்டு நேரத்தில்.

இனித்தான் சிக்கல். நிறம் விசிறுகிறவர்கள் அடிக்கடி பின்னால் போய்ப் பார்க்க வேண்டும். கிட்ட நின்றால் எழுத்துத் தெரியாது, நிறம் மட்டும் தெரியும். ஆனால் அந்தச் சுவருக்கு முன்னால் கற்கட்டு. ஒரு பலகை அகலம். அதற்கப்பால் துறைமுகம். இரண்டு அடி பின்வாங்கினால் தண்ணீர். ஆகவே அப்பா தன் தூண்டில் படகோடு கடலில் நின்றார், குடை பிடித்துக்கொண்டு, போனைக் காதில் வைத்துக்கொண்டு. அவர்தான் எங்கள் கண். முதல் அரை மணித்தியாலம் பெரிய கூத்து. நிரோஜா இடப்பக்கமா வலப்பக்கமா என்று கேட்பாள். எந்தப் பக்கம், உன்ர இடமா என்ர இடமா என்று அவர் திருப்பிக் கேட்பார். கடைசியில் அவர் தன் பாஷைக்கே வந்துவிட்டார். "வாடைப் பக்கம் இறங்கிக் கிடக்கு பிள்ளை. சோளகப் பக்கத்து எழுத்து குண்டாப் போச்சு." அவள் என்னைப் பார்த்தாள். வாடைக் காற்று வருவது வடக்கிலிருந்து, சோளகம் தெற்கிலிருந்து என்று சொன்னேன். ஒரு கணம் யோசித்தாள். பிறகு வெண்கட்டியால் சுவரின் ஒரு மூலையில் 'வா' என்றும் மற்ற மூலையில் 'சோ' என்றும் எழுதிக்கொண்டாள். அதற்குப் பிறகு பிசகே இல்லை. படகிலிருந்து பார்த்தாலும் சுவரிலிருந்து பார்த்தாலும் வடக்கு வடக்குத்தான். உங்கள் இரண்டு பேருக்கும் கலியாணத்துக்குப் பிறகு இடம் வலம் பற்றிச் சண்டை வரும். வரட்டும். இரண்டு பேருக்கும் பொதுவான ஒரு காற்றைத் தேடிப் பிடித்துக்கொள்ளுங்கள்.

விசிறுகிற வித்தையை எனக்கும் காட்டினாள். டின்னைக் குலுக்க வேண்டும், உள்ளே ஒரு குண்டு கிடந்து கடகடக்கும், அது கடகடத்து முடிந்த பிறகும் குலுக்க வேண்டும். சுவருக்கும் கைக்கும் நடுவே ஒரு சாண். கை ஓடத் தொடங்கிய பிறகுதான் அழுத்த வேண்டும். கை ஓடிக்கொண்டிருக்கும்போதே விட வேண்டும். நின்று அழுத்தினால் வடியும். நான் கொரோனாக் காலத்து முகக்கவசத்தைக் கட்டிக்கொண்டு, மூச்சைப் பிடித்து, முதல் அழுத்தலில் என் சட்டைக்கு நீலம் அடித்தேன். துவாரம் என்னைப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறது. படகில் அப்பா சிரித்தது போன் இல்லாமலே கேட்டது. அதன் பிறகு எழுத்தின் உள்ளே நிறம் நிரப்புகிற வேலையை எனக்குத் தந்தாள். ஓரம் அவளுடையது, உள் என்னுடையது. ஓரிடத்தில் தயங்கி நின்றேன். உடனே வடிந்தது, கண்ணீர் மாதிரி நீளமாக. துடைக்கப் போனேன். அவள் கையைப் பிடித்தாள். துடைத்தால் பெரிதாகும், விட்டுவிட்டு மற்றப் பக்கம் போங்கோ, கடைசிக் கோடு அதை மூடிவிடும் என்றாள். இதை நான் யாருக்கும் அறிவுரையாகச் சொல்லப் போவதில்லை. சரி, சொல்கிறேன். வடிந்ததைத் துடைக்காதே.

அந்த நாட்களில் நான் சுவரைப் பார்த்ததைவிட அவளைத்தான் கூடுதலாகப் பார்த்தேன். எப்படி நிற்கிறாள், களைத்தால் என்ன செய்கிறாள், அப்பாவோடு எப்படிக் கதைக்கிறாள். ஒரு முறை உயரத்துக்குக் கட்டிய பலகையில் நின்றபடி திரும்பாமலே கேட்டாள்.

"அன்ரி, நீங்கள் சுவரைப் பாக்கவோ வாறீங்கள், என்னைப் பாக்கவோ?"

"ரெண்டையும்."

"சுவர் முதல் முடிஞ்சிடும்," என்றாள். பிறகு வேலையைத் தொடர்ந்தாள். எனக்குச் சிரிப்பு வந்தது, முகக்கவசம் இருந்தது நல்லதாய்ப் போயிற்று.

பெரிய பிழை அடுத்த நாள் நடந்தது. எல்லோருடைய பிழையும். அவள் கொழும்பிலிருந்து பஸ்ஸில் பார்சல் போட்டு எடுப்பித்த டின்கள், கறுப்பையும் வெள்ளையையும் தவிர, எல்லாம் நீலங்கள். கடும் நீலம், மயில் நீலம், பச்சை கலந்த நீலம். துறைமுகத்துக்கு நீலம் என்று மூன்று பேரும் ஒரே குரலில் தீர்மானித்திருந்தோம். மாலையில் நிரப்பி முடிந்தது. கிட்ட நின்று பார்க்க அவ்வளவு அழகு. எழுத்துக்கள் மீன்கூட்டம் மாதிரி மினுங்கின. அப்பா எப்போதும் நிற்கும் இடத்தை விட்டு வெகு தூரம், கப்பல் நிற்கப் போகிற இடத்துக்குக் கிட்டவாகப் போய்ப் பார்த்தார். பிறகு போனில் கூப்பிட்டார். இஞ்சரும், என்றார் என்னிடம். ஆரோ நீலச் சாரத்தைக் காயப்போட்டு விட்ட மாதிரிக் கிடக்கு, பேர் எண்டு ஒண்டும் தெரியேல்லை. நிரோஜா என்னிடமிருந்து போனை வாங்கவில்லை. படகைக் கரைக்குக் கொண்டுவரச் சொன்னாள், தானும் ஏறிப் போனாள். உயிர்காப்பு அங்கியைக் கட்டாயம் கட்ட வேண்டும் என்று அப்பா பிடிவாதம். நான் தனியாகச் சுவரோடு நின்றேன். வானமும் நீலம், தண்ணீரும் நீலம், நடுவில் எங்கள் வேலை. பார்க்கப் பார்க்க எனக்கே அது கரைந்து போனது. ஒரு நாள் கழிந்து மறுநாள் காலையில் கப்பல் வந்துவிடும். ஒரே ஒரு பகல் மிச்சம்.

அவள் திரும்பி வந்தபோது அழுதிருப்பாள் என்று நினைத்தேன். சிரித்துக்கொண்டு இறங்கினாள். அங்கே நின்று சுவரைப் பார்த்தாளாம், தெரியவில்லை. குனிந்து தன்னைப் பார்த்தாளாம். அங்கியின் செம்மஞ்சள். வடிவான நிறமில்லை, ஆனால் ஆளைக் கண்டுபிடிக்கவென்றே செய்த நிறம் என்றாள். அவ்வளவு நாள் வேலையும் போனதே என்று நான் முனகினேன். "போகேல்லை அன்ரி. நீலம் நிழலுக்கு வேணும்." என்றாள்.  கோபமில்லை, யார் நீலம் சொன்னது என்ற விசாரணை இல்லை. நான் உன் அப்பாவைப் பார்த்தேன். எங்கள் வீட்டில் ஒரு கிண்ணம் உடைந்தால் எத்தனை நாள் விசாரணை நடக்கும் என்று உனக்குத் தெரியும். நீதவான் யார் என்றும் தெரியும்.

மறுநாள் விடியவே அப்பா கடைகடையாய்ப் போனார். படகுக்காரர்கள் வாங்குகிற செம்மஞ்சள் டின் ஒவ்வொரு ஹார்ட்வெயார் கடையிலும் ஒன்றோ இரண்டோதான் கிடக்கும். டவுனில் போதாமல் பாலத்தைக் கடந்து கிண்ணியா வரைக்கும் போய், கடகடக்கிற ஒரு பையோடு வந்தார். அவள் எழுத்துக்களின் உடம்பை மட்டும் வெள்ளையால் மூடினாள். கீழ் ஓரமும் தெற்கு ஓரமும் நீலமாகவே விட்டாள். அது நிழல். வெள்ளையின் மேல் செம்மஞ்சள் ஏறியதும் எழுத்துக்கள் சுவரை விட்டு ஓரடி வெளியே வந்து நின்றன. எனக்குக் கைதட்ட வேண்டும் போல இருந்தது. காலையில் காற்று அடங்கிக் கிடந்தது, அதற்குள் முடிக்க ஓடினோம். வெயில் ஏறியதும் மேற்குக் காற்று, கச்சான், எழும்பிவிட்டது. துறைமுகத்தைக் கடந்து நேரே சுவருக்கு அடிக்கிற காற்று. விசிறிய நிறம் சுவரில் மோதி எங்கள் மேலேயே திரும்பி வந்தது. ஒரு செம்மஞ்சள் புகை என் முகத்துக்கு நேரே. "மாமி, கண்ணை மூடுங்கோ!" என்று கத்தி, தன் கையால் என் கண்களைப் பொத்தினாள். இருட்டுக்குள் நின்றபடி அந்தச் சொல்லைக் கேட்டேன். அதுவரை அன்ரி. அவளும் கேட்டிருப்பாள், சொன்னபின்.  என் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி, மண்ணெண்ணெய் தொட்ட துணியால் துடைத்துத் தந்தாள். அப்பா படகில் இருந்த பழைய படங்குச் சீலையைக் கொண்டுவந்து பிடித்தார். காற்றுக்கு மறைப்பு. அதன் பின்னால் கறுப்பு ஓரக்கோடு. மூச்சைப் பிடித்து, உடம்பு முழுவதும் ஒரு பக்கமாகச் சாய்ந்து நகர, ஒரே இழுப்பில் ஒரு வளைவு. இழுத்து முடித்த பிறகுதான் மூச்சு விடுவாள். நான் வடியவிட்ட இடமெல்லாம் அந்தக் கோட்டுக்குள் போய் மறைந்தது. கடைசியாக வெள்ளைப் பொட்டுகள், வெளிச்சம் பட்ட மாதிரி.

பின்னேரம் ஒரு கடற்படைச் சிறுபடகு அப்பாவின் படகுக்குப் பக்கத்தில் வந்து நின்றது.  அப்பா தன் லோஞ்ச் காலத்துச் சிங்களத்தில் கைகளையும் சேர்த்து விளக்கினார். மகன், கப்பல், இறங்க ஏலாது, பெயர். அதிலிருந்த கடற்படைப் பொடியனுக்குத் தமிழ் எழுத்து வாசிக்கத் தெரியவில்லை. அப்பா வாசித்துக் காட்டினார். அவன் தன் கூட்டாளியைத் திரும்பிப் பார்த்துச் சிரித்தானாம். அவனுடைய தம்பிக்கும் வீட்டில் அதே பெயராம். இருட்ட முதல் படகைக் கரை சேர்த்துவிடுங்கள் என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார்கள்.

காலையில் நீ வந்தாய். பச்சை மலைகளுக்கு நடுவே ஒரு சிவப்புக் கட்டடம் நகர்ந்து வருகிற மாதிரி. நங்கூரச் சங்கிலி இறங்குகிற சத்தம் கரைக்குக் கேட்டது. உன் கோல். எங்கை நிக்கிறீங்கள் என்றாய். உன்ர பேரைப் பார் என்றேன். தூரக்கண்ணாடியை எடுத்திருப்பாய். பிறகு, "ஐயோ அம்மா." உனக்குப் பின்னால் யார் யாரோ சிரிக்கிறார்கள், ஏதேதோ மொழியில் கேட்கிறார்கள். எல்லோருக்கும் அர்த்தம் சொல்ல வேண்டியிருக்கிறது என்று சிணுங்கினாய். யாரோ உன்னைக் கூப்பிட்டார்கள், கோல் அறுந்தது. கொஞ்ச நேரத்தில் கப்பலின் ஓரம் முழுக்க ஆட்கள். ஒரே உடுப்பு, ஒரே தலைக்கவசம். ஒவ்வொருவரும் ஒரு கடுகு. அப்பாவுக்குப் பிரச்சினை இல்லை. அவர் கப்பலுக்கே கை காட்டினார். நான் தேடினேன். முன்பக்கத்தில் ஒருவன், உயரம், இரண்டு கையையும் தலைக்கு மேலே வீசி வீசிக் காட்டிக்கொண்டு. அந்தா என் பிள்ளை என்றேன். என் சேலைத் தலைப்பை எடுத்து வீசினேன். அவனும் விடவில்லை. நான் நிறுத்தினால் அவன் தொடங்குவான். எனக்குக் கண் நிறைந்து ஒன்றும் தெரியவில்லை. எவ்வளவு நேரமோ.

நிரோஜா என் முழங்கையைத் தொட்டாள். மெதுவாகத்தான் சொன்னாள், அப்பாவுக்குக் கேட்காமல்.

"மாமி, அது அவர் இல்லை. பின்னுக்குப் பாருங்கோ, அந்த ஏணிக்குப் பக்கத்திலை. ஒரு காலைத் தூக்கி மற்றக் காலிலை தேச்சுக்கொண்டு நிக்கிறார்."

பார்த்தேன். ஏணியடியில் ஒரு கடுகு. கை காட்டவில்லை. ஒற்றைக் காலில் நின்றது. சோதனை முடிவு வருகிற நாட்களில் நீ வீட்டு வாசலில் அப்படித்தான் நிற்பாய், நுளம்பு கடித்தவன் மாதிரி ஒரு காலை மற்றக் காலில் தேய்த்துக்கொண்டு. எனக்குத் தெரிந்த விடயம். எனக்குத்தான் முதலில் தெரிந்த விடயம். ஆனால் நான் மகிழ்ச்சியாகக் கை வீசுகிற ஒருவனைத் தேடினேன். அவள் பதிலுக்காகக் காத்து நிற்கிற ஒருவனைத் தேடியிருக்கிறாள். தூரக்கண்ணாடி இல்லாமல், அத்தனை பேருக்குள். உன் கையில் கண்ணாடி இருந்தது. நான் யாருக்குக் கை காட்டினேன் என்று உனக்குத் தெரிந்திருக்கும். இன்றுவரை நீ அதைச் சொல்லவில்லை. நல்ல பிள்ளை.

நீ திரும்ப எடுத்தபோது கண்டனீங்களோ என்று கேட்டாய். கண்டனான் என்றேன். அது பொய்யில்லை, கொஞ்சம் பிந்திய உண்மை.  நான் அவளைப் பார்த்தேன். வெறும் டின்களைப் பையில் போட்டுக்கொண்டிருந்தாள், ஒவ்வொன்றாக, சத்தம் வராமல், கேட்காத மாதிரி. ஓம் என்றேன். கப்பலில் ஏதோ இயந்திரம் இரைந்தது, உனக்குக் கேட்கவில்லை. என்ன அம்மா என்றாய். "ஓம் எண்டனான். நிரோஜாவுக்கு ஓம். கேக்குதே?" கடைசிச் சொல் உனக்குக் கேட்டதோ என்னவோ, அதற்குள் அப்பா போனைப் பறித்துத் தெரு முழுக்கக் கேட்கக் கத்திவிட்டார். நிரோஜா பையை வைத்துவிட்டு நிமிர்ந்தாள். மூக்கில் செம்மஞ்சள். கப்பலைப் பார்த்துக் கையை ஒரே ஒரு முறை உயர்த்தினாள். ஏணியடியில் நின்ற கடுகு இரண்டு காலையும் ஊன்றியது.

அவ்வளவுதான் மகனே, தொடக்கத்திலிருந்து முடிவு வரை. ஒரு வேலை மட்டும் உனக்குத் தருகிறேன். முன்பக்கத்தில் நின்ற அந்த உயரமான மனிதனைக் கண்டுபிடி. எந்த நாட்டவரோ, எந்த மொழியோ. ஒரு காலைப்பொழுது முழுக்க அவர் எனக்கு மகனாக நின்றவர். யாரென்றே தெரியாத ஒரு கிழவிக்குக் கை நோக நோகத் திருப்பிக் காட்டியவர். தை மாதம் கலியாணத்துக்கு வரும்போது அவரையும் கூட்டிக்கொண்டு வா. சாப்பாடு நான் போடுவேன்.

அம்மா